நெல்லுப்புரையின் கிழக்குச் சுவர்

வெளியே மசாலாக் கிடங்கு, லாரி, ஆட்டோ. காம்பவுண்டுக்குள் கால் வைத்தால் தென்னை மட்டும்தான். ஒரு காலத்தில் அது வயலும் தோப்பும் பார்த்த குடும்பத்து வீடு. ஊர் வளர்ந்து சுற்றிக்கொண்டது. பெரிய வீடு ஒன்று. அதற்குப் பின்னால் மாட்டுத் தொழுவம், கொப்பரை உலர்த்தும் கொட்டகை, கால்வாய் ஓரத்தில் நெல் சேர்த்து வைக்கிற நெல்லுப்புரை. எல்லாமே வெட்டுக்கல். மண்ணுக்குள்ளிருந்து அறுத்து எடுக்கிற சிவப்புக் கல். உடம்பெல்லாம் துளை இருக்கும்.

டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்தவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார், பாதி மலையாளமாக.

"பெரிய வீட்டை வெளியாளுக்கு வாடகைக்கு விடப் போறேன், அண்ணாச்சி. எனக்கு முட்டு வய்யா. படி ஏற முடியாது. நெல்லுப்புரை மதி எனக்கு. ஒரு கட்டில், ஒரு அடுக்களை. அதைச் சரியாக்கித் தரணும்."

முட்டு வய்யா என்றால் முழங்கால் முடியவில்லை. மதி என்றால் போதும். இங்கே கொச்சியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த கொத்தனார்கள் எங்கள் எல்லாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சிலர் கிண்டலாக. டீச்சர் கிண்டலாகக் கூப்பிடவில்லை.

எஞ்சினியர் ஒருவரும் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கையில் சின்ன மிஷின். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் குத்தினால் ஈரத்தைக் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு.

நெல்லுப்புரையின் கிழக்குச் சுவரில் குத்தினார். சிவப்பு. தள்ளிக் குத்தினார். சிவப்பு. இடுப்பு உயரம் வரை சிவப்புதான். கீழே சிமெண்ட் பூச்சு உப்பி நின்றது. தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டது.

"டீச்சரே, இது நிக்காது. இடிக்கணும். மிஷின் வந்தா ஒரு காலைல தீர்ந்துடும்."

டீச்சர் முகம் மாறியது. காரணம் இருந்தது. கால்வாய்க்கு இவ்வளவு பக்கத்தில் புதுக் கட்டடம் கட்ட அனுமதி கிடையாது. இருக்கிறதைப் பழுது பார்க்கலாம். இடித்தால் போனது போனதுதான். அப்புறம் டீச்சருக்கு அந்த இடத்தில் வீடு இல்லை.

நான் குனிந்து அடிப்பூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டில் கோடு போட்டிருந்தது. கட்டம் கட்டமாக, கல் அடுக்கியது போல. நாங்கள் அப்படிப் போடுவோம். பூச்சு ஈரமாக இருக்கும்போதே நூல் பிடித்து ஆணியால் இழுப்போம். பார்வைக்குக் கல் மாதிரி தெரியும். உள்ளே இருந்ததே கல்தான். அதை மூடி, அதன் மேல் கல்லை வரைந்திருந்தான் ஒருத்தன்.

ஒரு கட்டத்தின் மேல் கையை விரித்து வைத்தேன். ஒரு சாண், நாலு விரல். சரியாக இருந்தது. அடுத்த கட்டம். அதுவும் சரியாக இருந்தது.

எஞ்சினியர் சலித்துக்கொண்டார். "வெட்டுக்கல்லு மேல சிமெண்டு! ஏத மண்டனாணு இது தேச்சது?"

எந்த முட்டாள் பூசினது என்று கேட்கிறார்.

"நான்தான்" என்றேன்.

கூட வந்திருந்த மச்சினன் என் காலை மிதித்தான். வேலை போய்விடும் என்று அவனுக்குப் பயம். ஆனால் அளவு என் கையளவு. மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்த புதிதில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்தேன். ஊரெல்லாம் பூசினோம். எந்தச் சுவர் யாருடையது என்று அப்போது பார்க்கவில்லை. டீச்சரின் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது.

டீச்சர் கைத்தடியை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"நல்லது. ஆளைத் தேட வேண்டாம்" என்றார்.

எஞ்சினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"சார், சுவர் சாகல. என் பூச்சு அதை மூச்சு முட்ட வச்சிருக்கு. பூச்சை எடுத்துட்டுக் காயப் போட்டா நிக்கும். அப்புறம் சுண்ணாம்பு பூசலாம்."

சும்மா சொல்லவில்லை. கோட்டைக்கொச்சியில் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றினபோது மூன்று வருஷம் சுண்ணாம்பு வேலைதான் செய்தேன். அங்கே இதைவிட மோசமான சுவரெல்லாம் காய்ந்து எழுந்து நின்றது.

அது தை மாதம். எஞ்சினியர் யோசித்தார். "மழைக்கு முன்னாடி வருவேன். சிவப்பு போகணும். போகலைன்னா மிஷின் வரும். நனைஞ்ச சுவத்துக்குக் கீழே டீச்சரை நான் உறங்க விடமாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். சரி என்றேன்.

பூச்சை உளியால் எடுத்தோம். பெரிய சுத்தியலை நான் அனுமதிக்கவில்லை. கல் முகம் போய்விடும். ஒவ்வொரு பாளமாக விழுந்தது. பின்னால் கல் கறுத்துக் கிடந்தது. தடவினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்தோம். அதற்கு உள்ளே கல் கெட்டியாக இருந்தது. எனக்கு அது போதும்.

பிறகு வேலை ஒன்றுமில்லை. சும்மா விட வேண்டியதுதான். வெறும் சுவர், வெயில், காற்று. தொழுவத்தின் தரைக்கல்லை எடுத்து மட்டம் பார்த்துப் போட்டோம். கொட்டகைக் கூரை ஓடுகளை இறக்கிக் கழுவி ஏற்றினோம். தினமும் காலையில் கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைப்பேன். பங்குனி கடைசியில் மேல் பாதி காய்ந்து வெளுத்தது. கீழ்ப்பாதியும் மெல்ல நிறம் மாறியது.

சித்திரையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தென்காசிப் பக்கம் ஊர். நாலு நாள் போய் வந்தேன்.

திரும்பி வந்தபோது மச்சினன் ஹோஸ் குழாயோடு நின்றான். சுவர் பளபளவென்று இருந்தது. மேலிருந்து கீழ் வரை ஈரம். அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"ஏலே, என்ன செய்த?"

"வெயில் என்னமா அடிக்கி அத்தான். வெறுஞ்சுவரு வெடிச்சிருமுல்லா? ரெண்டு நேரமும் நனச்சேன். ஒரு நேரம்கூட விடல."

நல்ல பிள்ளை. பதினாறு வருஷமாகச் சிமெண்டு வேலை. சிமெண்டு பூசினால் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் மேஸ்திரி திட்டுவார். கொத்தனாருக்குச் சுவரைக் கண்டால் கை தானாகக் குழாயைத் தேடும். நான் போகும்போது நனைக்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

"குழாயை மூடு மாப்ள."

"தப்பா அத்தான்?"

"மூடு."

டீச்சர் பின்னால் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். இத்தனை மாதம் காய்ந்தது வீணாய்ப் போய்விட்டது என்று அவருக்கே தெரிந்தது. மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"இனி?"

"காய வைக்கிறேன் டீச்சர்."

"எங்ஙனெ?"

எப்படி என்று எனக்கும் அப்போது தெரியாது. தேங்கிய தண்ணீரை வடிக்க முதலில் அடியில் வாய்க்கால் வெட்டுவோம் என்று மண்வெட்டியை எடுத்தேன். சுவர் ஓரத்து மண் கறுப்பு மண். கால்வாய்ச் சேறு. கால்வாயைத் தூர் வாரினபோது முற்றத்தில் கொட்டி நிரவியிருக்கிறார்கள். நான் பூசினபோது முற்றம் இவ்வளவு உயரம் இல்லை. அன்றைக்கு வாசலுக்கு மூன்று படி இருந்தது. இப்போது ஒன்று.

அந்தப் படிகளை நினைத்ததும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. படிக்கு இரண்டு பக்கமும் சுவரடியில் ஓட்டை இருந்தது. ஒரு கல் அகலம். கிழக்கே இரண்டு, அதற்கு நேரே மேற்கே இரண்டு. நெல்லுப்புரையின் தரை பலகைத் தரை. அதற்குக் கீழே ஒரு முழம் வெற்றிடம். நெல் ஈரம் பிடிக்காமல் இருக்க அடியில் காற்று ஓட வைத்திருக்கிறார்கள். எலி வரும், அடை என்றார் காண்டிராக்டர். அடைத்தேன். நாலையும் நான்தான் அடைத்தேன்.

"மாப்ள, இங்க தோண்டு. முழங்கால் ஆழம்."

அவன் மண்வெட்டியை வாங்கித் தோண்டினான். செய்ததற்குப் பரிகாரம் போலத் தோண்டினான். மத்தியானத்துக்குள் முதல் அடைப்பு தெரிந்தது. உடைந்த கல்லும் சிமெண்டும். உளி வைத்து எடுத்தேன். உள்ளேயிருந்து புளித்த காற்று வந்தது. சாயங்காலத்துக்குள் நாலும் திறந்துவிட்டோம்.

மேற்கே போய் ஒரு பீடியைப் பற்றவைத்து ஓட்டைக்கு நேரே ஊதினேன். புகை உள்ளே போனது.

"அத்தான்! இங்கன வருது!" கிழக்கிலிருந்து கத்தினான்.

டீச்சர் கைத்தடியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். "ஒண்ணு கூடி" என்றார். இன்னொரு தடவை ஊதச் சொல்கிறார். ஊதினேன்.

நாலு ஓட்டையும் மறுபடி மூடிப்போகாதபடி சுவரைச் சுற்றி மண்ணை அள்ளித் தாழ்த்தினோம். டீச்சரின் முழங்காலுக்காக வாசல் முன்னால் மட்டும் மண்ணை விட்டுவைத்தோம். பலகைத் தரையில் இரண்டு பலகையைக் கழற்றி வைத்தேன். கால்வாய்க் காற்று பகலெல்லாம் அடியில் ஓடியது. மச்சினன் குழாய்ப் பக்கமே போகவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால்கூடச் சுவரை விட்டுத் தள்ளிப் போய்க் குடித்தான். டீச்சர் அதைப் பார்த்து, "தாகத்துக்குக் குடிக்கலாம் மோனே, சுவரு ஒண்ணும் சொல்லாது" என்றார்.

வைகாசி பிறந்து சில நாளில் எஞ்சினியர் வந்தார். வானம் மூடியிருந்தது. ஊசியைக் குத்தினார். பச்சை. இடுப்பு உயரத்தில் பச்சை. முழங்காலில் மஞ்சள். தெற்கு மூலையில் குத்தும்போது நான் விளக்கைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் விளக்கைப் பார்த்தார். அவர் முகத்தில் மாற்றமில்லை. மஞ்சள் என்று புரிந்துகொண்டேன்.

எஞ்சினியர் குனிந்து ஓட்டைக்கு நேரே கையை நீட்டினார். காற்று பட்டிருக்கும்.

"இது பிளானில் இல்லையே. எங்ஙனெ கிட்டி?"

"அடைச்சவனுக்குத்தான சார் தெரியும்."

மிஷினைப் பையில் போட்டார். "சுண்ணாம்பு பூசிக்கோங்க" என்றார்.

சிப்பிச் சுண்ணாம்பை முன்பே குழியில் நீற்றி வைத்திருந்தேன். ஒன்பது நாளில் உள்ளும் வெளியும் பூசி முடித்தோம். கடைசி நாள் மச்சினன் நூலும் ஆணியுமாக வந்தான்.

"அடியில கோடு போட்டுறவா அத்தான்?"

"வேண்டாம். உள்ள கல்லு இருக்கு."

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் சைக்கிளில் போனேன். டீச்சர் கட்டில், அடுப்பு எல்லாம் போட்டுக் குடிவந்திருந்தார். கிழக்குச் சுவரின் உட்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். தெற்கு மூலையிலும் வைத்தேன்.

"என்ன?"

"காஞ்சிருக்கு."

ஓட்டைகளுக்குக் கம்பி வலை அடிக்க வேண்டும். அன்றைக்கு அடைத்ததும் எலிக்காகத்தானே. வலையைக் கையோடு கொண்டு போயிருந்தேன். டீச்சர் தடுத்தார்.

"இப்ப வேண்டாம். கீழே பூச்சை குட்டி போட்டிருக்கு. நாலு குட்டி. ஒரு மாசம் கழிஞ்சு வாங்க."

காது கொடுத்துக் கேட்டேன். பலகைக்கு அடியில் பூனைக்குட்டிகள் சத்தம் போட்டன. வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சாயா குடித்துவிட்டு வந்தேன்.