பூஜையில் வைத்த பெல்ட்

கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கழிவுநீர் நிலையத்தின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஞானமுத்து சார் காலமாகிவிட்டார் என்று, அங்கே பிட்டராக இருக்கும் கோவிந்தராஜ் சொன்னார். "தூக்கத்துலயே போயிட்டாருங்க." ரிசீவரை வைத்தபின் உட்கார முடியவில்லை. ஒருவர் பேரிங் கேட்டார், நான் பெல்ட்டை எடுத்து நீட்டினேன். அன்று முழுக்க அப்படித்தான். இதை எழுதும்போதும் நடுநடுவே எழுந்து வாசல்வரை போய்வருகிறேன்.

பிழைக்க வந்த இந்த ஊரில், நம் தமிழ்ச் சங்கத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. பந்தியில் சாக்கடைப் பேச்சை எடுப்பார் என்று பக்கத்து இலையைத் தவிர்த்தவர்களும் உங்களில் உண்டு. அவர் விடமாட்டார். "காலையில டீ குடிச்சியளா? நீங்க அனுப்புன தண்ணியத்தான் நாங்க சுத்தம் பண்ணி ஆத்தோரத்துப் புல்லுக்கு விடுதோம். அந்தப் புல்லத் தின்ன எருமைப் பாலுதான் உங்க டீயில" என்பார்.

நான் பம்பு உதிரிபாகம் விற்பவன். அவர் நிலையத்துக்குச் சரக்கு போட்ட பழக்கத்தில், ஆயுத பூஜைக்குப் பொரிகடலையோடு அங்கே போவது வழக்கம். ஒரு வருஷம் கோவிந்தராஜ் ரயில்வே பட்டறையிலிருந்து புதிதாக வந்திருந்தார். பட்டறையில் பூஜையன்று மெஷினை நிறுத்தி, துடைத்து, சந்தனம் வைத்தால் மறுநாள்தான் ஓட்டுவார்கள். அதே நினைப்பில் இங்கும் பம்பை நிறுத்தி மாலை போட்டுவிட்டார். இன்னொரு பம்பு ஏற்கெனவே பழுது. பட்டறை வேலை மறுநாள்வரை காத்திருக்கும். ஊர்ச் சாக்கடை காத்திருக்குமா?

நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் பஸ்தியிலிருந்து, அதாவது குடிசைப் பகுதியிலிருந்து, ஒரு அம்மா ஓடிவந்திருந்தார். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. "கைக்கு சாப், மோரி கா பானி கர் மே ஆரா" என்று கத்தினார்; ஏன் சார், சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வருதே என்று கேட்கிறார். சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வீடுகளுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. பாயும் அரிசியும் அடுப்பும் தரையில் இருக்கும் வீடுகள்.

சார் யாரையும் திட்டவில்லை. மாலையைத் தானே கழற்றி ஜன்னலில் மாட்டினார். "சாமி கும்பிடும்போது நீரு மூச்ச நிறுத்திட்டா வே கும்பிடுதீரு? இது ஊரோட மூச்சு. போடும்" என்றார்.

கோவிந்தராஜ் சுவிட்சைப் போட்டார். தேங்கிய கசடின் பாரம் தாங்காமல் பெல்ட் அறுந்தது. ஸ்டோரில் அந்த அளவு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அளவுப் பெல்ட் என் கடையில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பூஜையில்.

எனக்குக் கொடுக்க மனமில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். கைவண்டி தள்ளி உண்டாக்கிய கடை அது. பூஜையில் வைத்த சரக்கை மறுநாள் கற்பூரம் காட்டாமல் எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்பியவன் நான். இன்றும் கொஞ்சம் நம்புகிறேன்.

"நாளைக்கு முதல் போணியா குடுத்துடறேன் சார்."

"நாளைக்குவரை இந்த அம்மா எங்க நிப்பாவ அண்ணாச்சி? சாமியக் கேட்டுட்டு எடுத்துட்டு வாங்க. அது என்ன, வேண்டாம்னா சொல்லப்போவுது?"

ஸ்கூட்டரில் பறந்தேன். கடையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "நக்கோங்க, வேண்டாம். பூஜைச் சாமான். பிள்ளைங்க இருக்கிற வீடு."

"அங்கேயும் பிள்ளைங்க இருக்கு" என்றேன். கையை விட்டாள்.

சந்தனமும் குங்குமமுமாக அந்தப் பெல்ட் பம்பில் ஏறியது. ஓடத் தொடங்கியதும் குங்குமம் தெறித்து சாரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "எனக்கும் பொட்டு வச்சாச்சு" என்றார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் சிரித்துவிட்டு உட்காரவில்லை. பஸ்தியில் தண்ணீர் வடிந்துவிட்டதென்று ஆள் வந்து சொல்லும்வரை சாக்கடை வந்து சேரும் கிணற்று விளிம்புக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பொரியைக்கூட நடந்தபடிதான் தின்றார்.

அடக்கம் முடிந்தும் எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நிலையத்து வேலியோரம் போய் நின்றேன். கோவிந்தராஜ் எனக்கு முன்பே அங்கே இருந்தார். "சும்மா, ஓடுதான்னு பாத்துட்டுப் போலாம்னு" என்றார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நாற்றமும் இருந்தது. இருவரும் நின்று கேட்டோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: அந்த வருஷத்திலிருந்து ஆயுத பூஜையன்று கடையின் ஷட்டரை முழுதாக இறக்குவதில்லை. அந்த அளவுப் பெல்ட் ஒன்று பூஜைக்குப் போகாது. பொட்டு வைக்காமல் வாசல் ஆணியில் தொங்கும். தொங்கித் தொங்கி ரப்பர் வெடித்திருந்தது. நேற்று அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன்.