கண்கட்டுக்கு அடியில்

லைட்டக்கா கறுப்புத் துணியில் கண்கட்டு தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பஞ்சு, ஓரத்தில் மெல்லிய நாடா. பச்சைக் குழந்தையின் தலையளவு அவள் விரல்களுக்கே தெரியும், அளவுநாடா எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் கிடக்கும் குழந்தைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. இருபத்திரண்டு வருடமாக அந்த விளக்கடியில் துணி மாற்றுவதும் குழந்தைகளைப் புரட்டிப் போடுவதுமாக இருப்பதால்தான் அந்தப் பெயர். படிப்பு எட்டாவது வரை.

அன்று மூன்றாவது தொட்டிலில் இரண்டு நாள் பையன். தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்கு பாசிட்டிவ். மூத்த பிள்ளையைப் பெற்றபோதே தாயின் ரத்தம் எதிர்ப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டது. அது இப்போது இவன் ரத்தத்தை உடைத்துக்கொண்டிருந்தது. உடைந்தது மஞ்சளாக ஏறும். மூளைக்குப் போனால் ஆயுளுக்கும் ஊனம். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குதிகாலில் குத்தி ரத்தத்தில் மஞ்சளின் அளவு பார்த்தார்கள்.

மதியம் குத்துவதற்குத் தகப்பன் ஒப்பவில்லை. மஞ்சள் போய்ப் பிள்ளை வெளுத்துவிட்டான், கால் சல்லடையாகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போகிறோம் என்றான். டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. தகப்பனின் அக்கா பையோடு நின்றாள். கீழே கார் காத்திருந்தது.

"இன்னும் எதுக்கு லைட்டு? கோழிக்குஞ்சா பொரிக்கிறீங்க?" என்றாள்.

"குஞ்சு முந்தாநாளே வெளிய வந்தாச்சும்மா. இது அதுக்கப்புறம் உள்ள வேலை," என்றாள் லைட்டக்கா.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம், பார்வைக்கு வெளுத்திருந்த ஒரு பெண்குழந்தையை வீட்டாரிடம் தூக்கிக் கொடுத்தாள். நான்காம் நாள் அது மஞ்சள் மூளைக்கேறி, உடம்பு வில்லாக வளைந்து திரும்பி வந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கண்கட்டுக்கு அடியில் பார்க்காமல் அதன்பின் எந்தக் குழந்தையையும் யார் கையிலும் கொடுத்ததில்லை.

டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். விளக்கை அணைத்துப் பையனை ஜன்னலோரம் கொண்டுபோய் நாடாவை அவிழ்த்தாள். முகமெல்லாம் வெளுப்பு, கண்களைச் சுற்றி மட்டும் முட்டைக் கரு மாதிரி மஞ்சள். இடுப்புத் துணியை விலக்கினாள். அங்கேயும் அதே மஞ்சள்.

"லைட்டு பட்ட தோல்தான் வெளுத்திருக்கு தம்பி. ரத்தம் வெளுக்கலை."

தகப்பன் குனிந்து பார்த்தான். பிறகு குத்துவதற்குப் பிள்ளையின் காலை அவனே பிடித்துக்கொண்டான்.

அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. சாயங்காலமே ரத்தம் மாற்றினார்கள். தொப்புள் வழியே கொஞ்சம் எடுப்பது, கொஞ்சம் ஏற்றுவது என்று இரண்டு மணி நேரம். தாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என் ரத்தமே அவனுக்கு விஷமாயிடுச்சே அக்கா."

"விஷம் ஒண்ணுமில்ல. அறிமுகமில்லாத ஆளைப் பார்த்து நாய் குலைக்கிற மாதிரிதான். அது நீ ஏவிவிட்டது இல்ல. போய்ச் சாப்பிடு, பால் வேணும் அவனுக்கு," என்றாள் லைட்டக்கா.

மறுநாள் காலை அளவு பாதியாக இறங்கியிருந்தது, ஆனாலும் விளக்கு எரிந்தது. துணி மாற்றுவதற்காக லைட்டக்கா அதை அணைத்தபோது அத்தைக்காரி வந்தாள். யாரும் சொல்லாமலே கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்கட்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கீழே போய், அழைத்துப்போக மறுபடி வந்திருந்த காரைத் திருப்பி அனுப்பினாள்.