மேலே இருக்க வேண்டிய கம்பி

முதலாமாண்டு ஆர்கிடெக்சர் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரக்சர் பாடம் எடுக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் பஸ். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பால்கனியைப் பற்றிச் சொல்லும்போது யாரையாவது எழுப்பி, தண்ணீர் வாளியைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். எங்கே இழுக்கிறது என்று கேட்டால், தோள்பட்டைக்கு மேல என்பார்கள். அவ்வளவுதான் பாடம். மேல்பக்கம் இழுக்கிறது, அதனால் கான்கிரீட்டுக்குள் அந்த இழுப்பைத் தாங்கும் கம்பியும் மேலே இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ராணுவத்தில் இருக்கும் அண்ணன் தளவாய்புரத்தில் மாடி வீடு கட்டினான். மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, முதல் சட்டிக் கலவையை வீட்டு ஆட்கள்தான் கொட்ட வேண்டும். தெருவிலிருந்து போட்டோ எடுக்க வசதி என்று எல்லோரும் பால்கனிக்கான கம்பி மேலேயே ஏறி நின்றார்கள். சித்தப்பா, அத்தைமார், மதினி என்று பத்துப் பன்னிரண்டு பேர். கம்பியைத் தூக்கி நிறுத்த வைத்திருந்த முட்டுகள் ஒவ்வொன்றாக மடங்கியதை நான் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய கம்பி, கலவையைத் தாங்க அடியில் அடித்திருந்த பலகையோடு பலகையாகப் படுத்துவிட்டது.

எல்லோரையும் இறங்கச் சொல்லு, கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டுப் போடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். கொத்தனார் சிரித்தார், கீழே பலகை தாங்குகிறதே, எங்கே போய்விடும் என்றார். அண்ணனுக்கு நல்ல நேரம் முடிவதற்குள் போட வேண்டும். படிச்ச திமிரைக் காட்டாதே என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அம்மாதான் கேட்டாள். "ஏலே, செத்த பொறு. அவ என்னமோ சொல்லுதா. என்னட்டி?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். ரோஷம். எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று, அதே கம்பியில் நின்று நானும் ஒரு சட்டி கொட்டினேன். போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷம் ஸ்ட்ரக்சரில் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. அந்த மார்க்கைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

பலகை பிரித்த பிறகும் பால்கனி நின்றது. நாலு வருஷம் நின்றது. சுவரோரம் மேல்பக்கம் ஒரு கீறல் விழுந்தபோது அண்ணன் சிமெண்ட் பால் பூசி அடைத்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அன்றைக்கே ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

போன வருஷம் அண்ணன் லீவில் வந்த மதியம், பைக் சத்தம் கேட்டு அம்மா பால்கனிக்கு ஓடியிருக்கிறாள். அவன் கண் முன்னாலேயே அது அவளோடு விழுந்தது. உடைந்த துண்டில் கம்பி அடியில் ஒட்டிக் கிடந்தது. அண்ணன் கொத்தனாரைத் திட்டினான், சிமெண்டைத் திட்டினான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நான் பேசியதே அவனுக்கு நினைவில்லை.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி எழுந்து நடக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள்; துடைத்துவிட்டுச் சேலை மாற்றுவது நான்தான். போன வாரம் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கேட்டாள்.

"அன்னைக்குக் கான்கிரீட் போடும்போது என்னமோ சொல்ல வந்தியேட்டி. என்னது அது?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.