அந்தோணி அண்ணனின் நரம்பு

திருச்சிப் பாலக்கரையில் ஒரு கல்யாண பேண்டில் டபுள் பேஸ் என்னும் ஆளுயர நரம்பு வாத்தியம் வாசித்துவந்தேன். ஒரு கல்யாண விருந்தில் வாசிக்கக் கிளம்பும்போது அதன் தடித்த நரம்பு அறுந்துவிட்டது. எனக்கு முன் வாசித்து, போன மாதம் இறந்த அந்தோணி அண்ணனின் பேஸ் ஒத்திகை அறையில் இருந்தது. அவர் மனைவியைக் கேட்காமலே அதிலிருந்து ஒரு நரம்பைக் கழற்றி மாட்டிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு முடிந்து கையை எடுத்தேன். அந்த நரம்பு தானாக இன்னொரு முறை ஒலித்தது.

விருந்துக்கு வந்திருந்த அந்தோணி அண்ணனின் மனைவி, அண்ணி, அருகே வந்தார். "அவரும் கடைசியா இப்படித்தான் ஒரு தடவை தட்டுவாரு. உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"நான் தட்டலீங்க அண்ணி." திருடியதையும் சொன்னேன்.

அவர் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே. வச்சுக்கங்க."

பிறகு அது தானாக ஒலிக்கவே இல்லை. அண்ணன் மன்னித்துவிட்டாரா, கோபித்துக்கொண்டு போய்விட்டாரா, இன்றும் எனக்குத் தெரியாது.