கருத்தப்பாண்டி சொன்ன தூரம்

கருத்தப்பாண்டிக்கு வாய் ஜாஸ்தி. ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டறையில் அவர் லேத் ஓட்டுகிறவர், நான் அளவு பார்க்கிறவன். முப்பது வருஷமாக மில்லுக்கு ஸ்பேர் செய்துகொண்டிருந்த எங்களுக்கு, நாலு வருஷத்துக்கு முன்னால் பீரங்கிக் குண்டு ஆர்டர் வந்தது. மருந்தெல்லாம் வேறு எங்கோ அடைப்பார்கள். நாங்கள் கடைவது வெறும் இரும்புக் கூடுதான். ஆனாலும் சாயங்காலம் செட்டியார்பட்டி பஸ்ஸில் மனுஷன் தளபதி மாதிரி உட்கார்ந்து போவார்.

அந்தக் குண்டின் விசேஷம், அதிக தூரம் போகும். பறக்கிற குண்டுக்குப் பின்னால் காற்றில் ஒரு வெற்றிடம் விழுகிறது. அதுதான் குண்டைப் பின்னுக்கு இழுப்பது. அதனால் அடிப்பாகத்தைச் சரிவாகச் சீவ வேண்டும், ரொம்பச் சீவினால் குண்டு தள்ளாடும். சீவிய அடியில் ஒரு குழி வைத்து, மெல்ல எரியும் மருந்தை அதில் அடைப்பார்கள். அது குண்டைத் தள்ளுவதற்கு இல்லை. புகை வந்து வெற்றிடத்தை நிரப்பும், இழுவை குறையும். இருபத்துநாலு கிலோமீட்டர் போனது முப்பது போகும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகன் வல்லரசு ராணுவத்தில் பீரங்கிப் பிரிவுக்குத் தேர்வானான். அவன் அம்மா பாலம்மாள் விடவே மாட்டேன் என்றாள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் சீட்டு கிடைத்திருந்தது. எடுத்துச் சொல்ல என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார்.

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போகும்போது தூசி பின்னாடியே இழுபட்டு ஓடுதுல்ல? அந்த இழுவையத்தான் நாங்க கொறைக்கோம். முன்ன ராஜபாளையத்துல சுட்டா கிருஷ்ணன்கோவிலோட சரி. இப்ப ஒங்க அம்மா இருக்க கூமாப்பட்டி வரைக்கும் போவும்."

"எங்க அம்மா வீட்டு மேல சுடத்தான் இத்தன வருசம் காத்துக் கெடந்தீகளா?" என்றாள் பாலம்மாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெளாடாத. குண்டு ஆறு கிலோமீட்டர் கூடப் போவுதுன்னா, எம்மவன் ஆறு கிலோமீட்டர் பின்னாடி நின்னு சுடலாம். எதிரி குண்டு எட்டவே எட்டாது. சாம்சன்ட்ட கேளு."

ஆமாம் என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். எங்கள் பட்டறைப் புத்தி அப்படி. டிராயிங்கில் இருப்பதுதான் உலகம். பாலம்மாள் சம்மதித்தாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஒரு கூட்டைத் தனியாக எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மகன் பேரைச் சொல்லிக் கும்பிட்டார்.

ரெண்டு வருஷம் கழித்து எல்லையிலிருந்து வல்லரசு பேசினான். பீரங்கியை எம்புட்டு தூரம் பின்னாடி தள்ளியிருக்காங்க என்று இவர் ஆசையாகக் கேட்டார்.

"பின்னாடியா? அதே எடந்தாம்ப்பா. குண்டுதான் இப்ப அவங்க பக்கம் இன்னும் உள்ள போயி விழுது."

வீட்டில் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னார். அன்று அவர் கடைந்ததில் அளவு தப்பிய இரண்டு கூடுகளை நான் கழிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அவர் வேலையில் ஒன்றைக்கூடக் கழித்ததில்லை.

போன பங்குனியில் வல்லரசை மூவர்ணக்கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். கூட வந்த அதிகாரி, நம் பீரங்கி எட்டாத தூரத்திலிருந்து வந்த குண்டு என்றார். வீரவணக்கம் என்று பேனர் அடித்து, பிள்ளை படத்தை விடத் தங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து என்னைத் தவிர எல்லாரும் கிளம்பிய பிறகுதான் பாலம்மாள் கேட்டாள்.

"பின்னாடி நிப்பான்னு சொன்னீகளே."

"அங்கயும் ஒருத்தன் லேத்துல நின்னுருக்காண்ட்டி. அவனும் அடிப்பாகத்தச் சீவிருக்கான். என்னய விட நல்லாவே சீவிருக்கான்."

அவள் அழவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போறீகளா?" என்றாள்.

"போவணும். புது டிராயிங் வந்துருக்கு. முப்பத்தெட்டு கிலோமீட்டர்."

"அப்ப அவங்க நாப்பத்தஞ்சுக்குச் செய்வாங்க," என்றாள் பாலம்மாள். "இந்நேரம் செஞ்சுருப்பாங்க."