செக்கிங் செக்‌ஷனில் ஒரு வால்வு ரேடியோ

ஒரே ரேடியோ, ஒரே பிளக், ஒரே கை... காலையில் சாதுவாக இருப்பது மத்தியானம் மட்டும் எப்படிக் கடிக்கும்?

சென்ற வாரத் தொடக்கத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் – பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் தொழிலாளர் நல அலுவலர். செக்கிங் செக்‌ஷன் பெண்கள், அதாவது தைத்த பனியனில் குறை தேடுபவர்கள், பாட்டு வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு நாள் பழைய வால்வு ரேடியோவைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஊட்டுப் பரண்ல சும்மா கெடக்குதுங்க. பாடுச்சுன்னா நம்ம செக்கிங் புள்ளைங்களுக்கே வெச்சிருங்க."

வந்தது டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரகம். சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று நேராக அதன் இரும்புச் சட்டத்தில், அதாவது சேஸிஸில், இணைந்திருக்கும். அந்தக் கம்பி கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரலாக இருந்தால் பெரிய தொந்தரவில்லை. கரன்ட் வரும் பேஸாக இருந்தால்? அப்புறம் ரேடியோவின் உடம்பே மின்கம்பிதான்!

ரிப்பேரை நானே எடுத்துக்கொண்டேன். விளைவுகளை யோசிக்காமல் எதிலும் இறங்குகிறவன் அல்ல நான். இற்றுப்போன ஒயரை மாற்றினேன். பழைய கண்டென்சர்களைக் கழற்றிப் புதியவை போட்டேன். ஃபியூஸ் வைத்தேன். கோளாறு இருந்தால் கரன்ட் அதிகம் பாயாதபடி ஒரு குண்டு பல்பை சீரிஸில் மாட்டி, அஞ்சி அஞ்சிக் கரன்ட் கொடுத்தேன். பாடிற்று!

பழைய இரண்டு முள் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். ஆகவே ஒரே வாக்கில் மட்டும் நுழையும் மூன்று முள் பிளக்கைப் பொருத்தி, நியூட்ரலே சேஸிஸுக்குப் போகும்படி செய்தேன். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த ரகத்தைத் தொடாதே என்று நான் படித்த குறிப்பு சொன்னது. வால்யூம் திருகை, சேஸிஸோடு சேர்ந்த இரும்புத் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் சிறிய ஸ்க்ரூவை மெழுகால் மூடு என்றும் சொன்னது. சேஸிஸ்தான் நியூட்ரல் ஆயிற்றே... இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் ஜெபராணி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ரேடியோவுக்கு அடுத்த மேசை அவளுடையது.

"சார், அந்தத் திருகு சுள்ளுன்னு புடிக்கி சார். கையை உதறிட்டேன்."

உடனே போய் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் மயில்சாமியும் வைத்துப் பார்த்தார்.

"டெஸ்டரே எரியலீங்களே சார். புள்ளைக்கு வேலையில மனசு இல்லீங்க."

"ஜெபாவுக்குப் பாட்டு கேட்டாலே ஷாக் அடிக்கும்க்கா!" என்றாள் பக்கத்து மேசைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளும் வந்தாள். மறுபடியும் டெஸ்டர் எரியவில்லை. "கை ஈரமாக இருந்திருக்கும்மா" என்றேன். படித்தவன் சொல்லும் வார்த்தை அல்லவா... அவளும் போய்விட்டாள். புகார் தொடர்ந்தால் ரேடியோவையே எடுத்துவிடுவார்கள் என்று தோழிகள் அவளிடம் முகம் சுளித்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு புகாரே இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது, வால்யூம் திருகைச் சுற்றிக் கட்டிங் வேஸ்ட் துணி இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது?

"நாந்தான் சார்" என்றாள் ஜெபராணி. "புடிக்கின்னா பொய்யிங்கிய. சொல்லலைன்னா கை போவுது. நான் என்ன செய்ய?"

அப்போதுதான் கேட்டேன்: "நீ எதுக்கும்மா அந்தத் திருகைத் தொடுறே? வேற யாருக்கும் ஷாக் அடிக்கலையே?"

"மத்தியானம் கரன்ட் போனா ஜெனரேட்டர் போடுவாவ. அந்தச் சத்தத்துல பாட்டு கேக்காது. பக்கத்துல இருக்கேன்னு என்னைத்தான் சவுண்டு கூட்டச் சொல்லுவாவ. அப்பத்தான் சார் புடிக்கும்!"

நான் டெஸ்டரோடு போன நேரமெல்லாம் கரன்ட் திரும்பி வந்திருந்த நேரம்.

அன்று மின்வெட்டுக்காகக் காத்திருந்தோம். திருப்பூரில் அதற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டுமா என்ன? ஜெனரேட்டர் உறுமியது. ஜெபராணியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, துணியை விலக்கி ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

ஜெனரேட்டரை நிறுத்தி, கரன்ட்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திறந்து பார்த்த மயில்சாமியின் முகம் வெளுத்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. டியூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் எது எந்தக் கம்பியில் வந்தாலும் ஒன்றுதான். யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது. ரேடியோவுக்கோ, ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் சேஸிஸில் பேஸ்!

"இத்தன வருசமா ஒரு கம்ப்ளைண்ட் இல்லீங்களே சார்..." என்றார்.

இருந்ததே. இரண்டு முறை வந்து சொன்னாளே. ஒரு முறைகூட "எப்போது?" என்று நான் கேட்கவில்லையே.

பிளக்கைப் பிடுங்கினேன். எல்லோரும் கேட்கும்படி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சார். ரேடியோவ எடுத்துட மாட்டியளே?" – அவள் கவலை அதுதான்.

எடுக்கவில்லை. மயில்சாமி கம்பிகளை மாற்றினார். ஆனாலும் இன்னொரு நாள் இன்னொருவர் வேறு மாதிரி மாட்டலாம் அல்லவா? ஆகவே சுவருக்கும் ரேடியோவுக்கும் நேரடிக் கம்பித் தொடர்பே இல்லாதபடி நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. ஸ்க்ரூவுக்கு மெழுகும் வைத்தாயிற்று.

எங்கள் புகார் நோட்டிலும் இப்போது இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன: எத்தனை மணிக்கு? கரன்ட்டா, ஜெனரேட்டரா?