முன்மேளத்துக்குக் கண் வேண்டும்

என் அக்கா ஒதீலியாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து தொலைத்தது என் தலைவிதி. சந்தியாகப்பர் திருவிழா நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணுக்கும் மேளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊர் லொயீசாவில் கேட்கமாட்டார்கள். எங்கள் போம்பா ஆட்டத்தில் மேளத்துக்கு யாரும் ஆடுவதில்லை, ஆடுகிறவளுக்குத்தான் மேளம். அவள் தோளை வெட்டி அசைத்தால் அந்த நொடியே அடி விழ வேண்டும். பாவாடையை உதறினால் அதற்கும் விழ வேண்டும். இப்படி அவளுக்குப் பதில் சொல்வதுதான் முன்மேளம்; பார்க்காமல் அடிப்பவளுக்கு அதில் இடமில்லை.

அந்த இடத்தை அக்கா சும்மா வாங்கவில்லை. "பொம்பளை காலை அகட்டி உக்காந்து பீப்பாய் மேளத்தை அடிக்கிறதாம், கர்மம்!" என்று ஊரே காறித் துப்பியது. அவள் பாட்டுக்கு அடித்தாள். துப்பியவர்களின் பேத்திகள்தான் இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் கார் ஷெட்டில் அவளிடம் மேளம் படிக்கிறார்கள். கண் விஷயம் தெரிந்தால் அந்தப் பிள்ளைகளைத் தாய்மார்கள் அனுப்புவார்களா? அதுதான் எங்கள் பயம்.

நான் ஒரு வழி சொன்னேன். "உன் பின்னாடி உக்காந்துக்கறேன். ஆடுறவ தோளை அசைச்சா முதுகுல தட்டறேன். பாவாடைன்னா கிள்ளறேன்."

"கிள்ளுறதுக்குன்னே பொறந்தவடி நீ," என்றாள் அக்கா.

வீட்டில் என் மகள் ஆட, ஒத்திகை பிசகாமல் நடந்தது. எப்படிப் பிசகும்? அவள் ஆட்டம் அக்காவுக்கு மனப்பாடம். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

திருவிழாவில் மயாகுவெஸ் ஊர்க்காரி ப்ளாசிதா இறங்கினாள். மேளத்துக்குத் தலை வணங்கித் தொடங்கினாள். ஐயோ, என்ன ஆட்டம் அது! தோளில் ஒரு சின்ன வெட்டு, ஒரு முழங்கை, பாவாடை நுனி. நான் பார்த்து, தட்டி, அக்கா அடிப்பதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள். பஸ்ஸைத் தவறவிட்டவன்போல மேளம் பின்னாலேயே ஓடியது.

ப்ளாசிதா நின்றுவிட்டாள். "என்னம்மா, மேளம் தூங்குதா? எழுப்பிவிட்டுட்டு ஆடட்டுமா?"

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கையை எடுடி," என்றாள் அக்கா என்னிடம். பிறகு ஊரே கேட்கச் சொன்னாள்: "ஏய் பொண்ணு, மேளம் ஒண்ணும் தூங்கல. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சு. கிட்ட வந்து ஆடு. இன்னும் கிட்ட வா."

சிரிப்பு அடங்கியது. ப்ளாசிதா அக்காவின் முழங்காலில் பாவாடை உரசும் அளவுக்கு வந்து, மறுபடி வணங்கி, ஆடினாள். துணி பட்ட கணமே அடி விழுந்தது. தோள் திரும்பிய காற்றுக்கும் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கைதட்டல் ஓயுமுன் அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "யாராவது பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எழுந்து போனாங்களா?"

இரண்டு பேர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் போகலக்கா," என்றேன்.

"பொய் சொல்லாதடி. நம்ம சனிக்கிழமைப் பிள்ளை நெரைதா அழுதுக்கிட்டே போறா, எனக்குக் கேக்குது." உள்ளங்கையால் மேளத்தின் தோலைத் துடைத்தாள். "சரி, அடுத்தவளை வரச் சொல்லு."